கொமடோர் எஸ்எக்ஸ்-64க்கு ஆர்கேட் ஜாய்ஸ்டிக் இணைப்பது எப்படி?

1984இல் வந்த எஸ்எக்ஸ்-64 கணினிக்குப் பெயர்தான் போர்ட்டபிள், எடை பத்து கிலோவைத் தாண்டும். உள்ளே இருப்பது கொமடோர் 64 கணினிதான். அதனால் ஜாய்ஸ்டிக் வயரிங்கும் அதேதான்: ஐந்து சுவிட்சுகள், ஒவ்வொன்றும் அழுத்தும்போது ஒரு பின்னைக் கிரவுண்டோடு சேர்க்கும். ரெசிஸ்டர்கூட வேண்டாம்.

தேவையானவை: நான்கு மைக்ரோசுவிட்ச் உள்ள ஆர்கேட் ஜாய்ஸ்டிக், ஒரு புஷ் பட்டன், கவரோடு 9 பின் ஃபீமேல் கனெக்டர், ஒன்றரை மீட்டர் 6 கோர் கேபிள், மல்டிமீட்டர். கனெக்டர் கவரின் பக்கத் திருகுகளைக் கழற்றிவிடுங்கள், அவை இடிக்கும்.

1. ஐந்து சுவிட்சுகளின் காமன் கால்களையும் ஒரே வயரில் கோத்து 8ஆம் பின்னில் சால்டர் செய்யுங்கள்.

2. என்ஓ கால்கள் (அழுத்தினால் மட்டும் காமனோடு சேர்பவை) போகவேண்டிய பின்கள்: மேல் 1, கீழ் 2, இடது 3, வலது 4, பட்டன் 6. குச்சியை மேலே தள்ளினால் அழுந்துவது கீழ்ப்பக்கத்து சுவிட்ச். திசை தலைகீழாவது பெரும்பாலும் இங்கேதான். பின் எண்களைக் கனெக்டரின் பிளாஸ்டிக்கிலேயே பாருங்கள். இணையப் படங்களில் எந்தப் பக்கத்துத் தோற்றம் என்று தெரியாமல் குழம்பிவிடும்.

3. 7ஆம் பின்னில் எதையும் இணைக்காதீர்கள். அதில் 5 வோல்ட் வருகிறது. ஒரு பக்கம் பட்டன், மறுபக்கம் கிரவுண்ட். ஈயம் ஒரு துளி வழிந்தாலும் ஷார்ட்தான். செருகும் முன் 7க்கும் மற்ற பின்களுக்கும் இடையே மீட்டர் 'பீப்' அடிக்கவே கூடாது.

பவரை அணைத்து, ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, போர்ட் 2இல் செருகுங்கள். இந்தப் பின்கள் நேராக, ஜாய்ஸ்டிக்கையும் கீபோர்டையும் படிக்கும் 6526 சிப்புக்குப் போகின்றன. கையிலுள்ள ஸ்டேட்டிக் மின்சாரமே அதைக் கொன்றுவிடலாம். அசல் சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பொருந்துகிறதே என்று சேகா மெகாடிரைவ் கேம் கன்சோலின் பேடைச் செருகுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

சோதிக்க இந்த பேசிக் வரி போதும் (ஆங்கில எழுத்தில் அடியுங்கள்):

10 பிரிண்ட் பீக்(56320):கோட்டூ 10

சும்மா இருக்கும்போது 127. மேல் 126, கீழ் 125, இடது 123, வலது 119, பட்டன் 111. மேலும் இடதும் சேர்ந்தால் 122. தொடாமலேயே 96 வந்தால், என்ஓவுக்குப் பதில் என்சி கால்களில் (அழுத்தாதபோது காமனோடு சேர்ந்திருப்பவை) சால்டர் செய்திருக்கிறீர்கள்.

போர்ட் 1இல் செருகினால் பட்டனுக்கு ஸ்பேஸ் விழும், மேலே தள்ளினால் '1' விழும். பழுதல்ல, அந்த போர்ட்டும் கீபோர்டும் ஒரே லைன்களைப் பகிர்கின்றன.