மலைமேல் இருந்து நிதி கேட்பவர்களுக்கு ஒரு பொருளாளரின் குறிப்புகள்

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவள் நான். பசுந்தேயிலைக்கு விலை ஏன் இவ்வளவுதான் என்று சண்டைக்கு வரும் விவசாயிகளுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுள் போயிற்று. இப்போது நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் திருநங்கைகளும் திருநம்பிகளும் தன்பாலீர்ப்புள்ளவர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய சங்கம் ஒன்றுக்குப் பொருளாளர். எல்லாரும் கணக்கம்மா என்று கூப்பிடுகிறார்கள். "வெளிநாட்டில் இதற்கென்றே பணம் கொடுக்கிறார்களாமே, எப்படி வாங்குவது?" என்று கொடைக்கானல் வரையிலிருந்து கேட்கிறார்கள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல்.

பணம் இருக்கிறது என்பது உண்மைதான். குளோபல் பிலாந்த்ரபி புராஜெக்ட் என்ற அமைப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை உலகக் கணக்கை எடுக்கிறது. 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து அரசுகளும் அறக்கட்டளைகளும் நம்மைப் போன்றவர்களுக்காக, அதாவது பால்புதுமையினருக்காகக் கொடுத்தது குறைந்தது 90.5 கோடி டாலர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 57.6 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் பெரிய பங்கு வட அமெரிக்காவிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் உலகத்துக்கு. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் ஐதராபாத், புனே, கல்யாண் ஊர்களில் திருநர்களுக்காக அந்தப் பணத்தில் நடந்த மித்ர் மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஐதராபாத் மருத்துவமனை 2021-இல்தான் திறக்கப்பட்டது. ஒரே கொடையாளியை நம்பி வாடகை ஒப்பந்தம் போடுகிறவர்கள் இந்தச் செய்தியை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

யாரிடம் கேட்பது? நியூயார்க்கில் 1977 முதல் இருக்கும் அஸ்ட்ரேயா, ஆம்ஸ்டர்டாமில் 1983 முதல் இருக்கும் மாமா கேஷ், ஜான் ஸ்ட்ரைக்கர் 2000-இல் நிறுவிய ஆர்கஸ், திருநர் தலைமையிலான குழுக்களுக்கு மட்டும் கொடுக்கும் இன்டர்நேஷனல் டிரான்ஸ் ஃபண்ட் ஆகியவை இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஆர்கஸ் ஒரு கையால் நம்மைப் போன்றவர்களுக்கும் மறு கையால் மனிதக் குரங்குகளின் பாதுகாப்புக்கும் கொடுக்கிறது. யானைக்கும் ஒரு பிரிவு வைத்திருந்தால் கூடலூருக்கு வசதியாக இருந்திருக்கும். டிரான்ஸ் ஃபண்டில் மனுவைப் படித்து முடிவு சொல்கிறவர்களே பெரும்பாலும் திருநர்கள்தாம். அவர்களுக்குத் திருநங்கை என்றால் யார் என்று இரண்டு பக்கம் விளக்க வேண்டாம். பந்தலூரில் மழைக்காலத்தில் ஒரு திருநங்கை எப்படிப் பிழைக்கிறார் என்று எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் சட்டம். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதிவு இல்லாத குழுக்களுக்கும் தருவோம் என்று சில வெளிநாட்டு நிதியங்கள் அறிவிக்கும். அவர்கள் சொல்வது அவர்கள் விதி. நம் விதி 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிறார்கள். அதன்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் சங்கம் ஒரு டாலரும் தொடக்கூடாது. "என் தம்பி கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் கணக்கம்மா" என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று அவரிடம் சொல்லுங்கள். தம்பி மேல் பாசம் உடனே பெருகும்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கேட்க, சங்கம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காகப் பதினைந்து லட்சம் ரூபாய் செலவு செய்திருக்கவும் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதைதான். (எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு வீட்டார் இந்தப் பழமொழியின் முதல் பாதியை நேரடியாகவே முயன்று பார்த்தார்கள்.) அதைத் தாண்ட ஒரு வழி முன்அனுமதி: குறிப்பிட்ட கொடையாளி, குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று கொடையாளியிடமிருந்து உறுதிக் கடிதம் வாங்கி, அதை வைத்து உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமையுள்ள கொடையாளியாக இருந்தால்தான் இது ஆகும். அனுமதி கிடைத்தால் பணம் டெல்லியில் நாடாளுமன்றத் தெருவில் இருக்கும் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் முதலில் வந்து இறங்கும். நிர்வாகச் செலவு அதில் இருபது சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

முன்பெல்லாம் பதிவு உள்ள பெரிய தொண்டு நிறுவனம் பணத்தை வாங்கிச் சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வந்த திருத்தம் அதை அடியோடு நிறுத்திவிட்டது. வாங்கியவரே செலவு செய்ய வேண்டும். வேறு அமைப்புக்கு மாற்றக்கூடாது. இன்று மலையில் இருக்கும் சிறு குழுவுக்கு மிச்சமிருப்பது இதுதான்: பதிவு உள்ள நிறுவனம் ஒன்று நேரடியாகத் திட்டத்தை நடத்தும், உங்கள் ஆட்களைத் தன் ஊழியராக எடுத்துக்கொள்ளும், வாடகையைத் தானே வீட்டுக்காரருக்குக் கட்டும். உங்கள் கைக்குப் பணம் வராது, வேலை நடக்கும். இதற்குச் சம்மதிக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் உங்கள் சொல் செல்லுமா? பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும்? திட்டம் முடிந்ததும் கணினியும் பீரோவும் யாருக்கு? மூன்றாவது கேள்வியைக் கேட்க எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். சங்கங்கள் பகையாவது பெரும்பாலும் பீரோவில்தான்.

நம் ஊரில் படித்து டொரன்டோவில் வேலை பார்க்கும் நண்பர் பணம் அனுப்ப விரும்பினால், அவருடைய பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் வெளிநாட்டவர்தான். பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். நட்பு போய்விடாது.

என் கருத்தில், முதல் மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டை மறந்துவிடுவது நல்லது. ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, பிறகு 12ஏ, 80ஜி என்று எல்லாரும் சொல்லிப் பழகிய இரண்டு வருமான வரிப் பதிவுகள். 12ஏ சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குக்காக. 80ஜி இருந்தால், பழைய வரிமுறையில் வரி கட்டும் கொடையாளிக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, ஆகவே காசோலை கேளுங்கள். பெங்களூரில் சாலிடாரிட்டி ஃபவுண்டேஷன், டெல்லியில் கேசவ் சூரி ஃபவுண்டேஷன் போன்ற இந்திய அமைப்புகள் இந்தப் புலத்திலேயே வேலை செய்கின்றன. திருநங்கைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2008-இலேயே நல வாரியம் அமைத்தது. சுயதொழில் மானியத்துக்கு அங்கே போகலாம். தன்பாலீர்ப்புள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கதவு இல்லை.

கம்பெனிகளிடமும் கேட்கலாம். ஆண்டு நிகர லாபம் ஐந்து கோடியைத் தாண்டிய கம்பெனி, தன் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். அதை வாங்க நீங்கள் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'உரிமை' என்றால் கம்பெனி அதிகாரியின் முகம் சுருங்கும், 'தையல் பயிற்சி' என்றால் மலரும். இந்த மலையில் தைக்க வேண்டிய துணியைவிடத் தையல் எந்திரங்கள் அதிகமாகிவிட்டன. வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். இதற்கு முன்னால் எய்ட்ஸ் தடுப்புப் பணம் வந்த காலத்திலும் இதே கதைதான். 2003-இல் தொடங்கிய கேட்ஸ் அறக்கட்டளையின் அவாஹன் திட்டம் தமிழ்நாட்டிலும் நடந்தது. பல ஊர்களில் நம்மவர்கள் முதன்முதலாக ஒரு அறையில் கூடி உட்கார்ந்ததே அப்படி வந்த பணத்தில்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் படிவத்தில் ஆணுறைக்குக் கட்டம் இருந்தது, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்குக் கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தை நீங்களே போடுங்கள். வீட்டைவிட்டு வெளியேறும் பெண்ணுக்கு முதல் வாரத்துக்கான அறை, உணவு, வழக்கறிஞர் என்று தனி வரி எழுதுங்கள். பெண்களை விரும்பும் பெண்களுக்கென்று யாரும் தானாகக் கொடுப்பதில்லை, கேட்டால்தான் உண்டு. வீட்டார் காணவில்லை என்று புகார் கொடுத்தால் என்ன செய்வது என்பதற்கு 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. சம்மதித்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் அவர்களைத் துன்புறுத்தாமல், வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அது. அதன் நகல் எடுக்கும் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பட்ஜெட்டைச் சமவெளிக் கண்ணோடு போடாதீர்கள். கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர்தான் என்று சென்னையில் இருப்பவர் நினைப்பார். நடுவட்டம் வழியாக ஏறும் அந்தப் பாதைக்கு ஒரு பாதி நாள் ஒதுக்க வேண்டும். மருத்துவருக்காகக் கோவை இறங்கினால் இரவு தங்கும் செலவும் சேரும். தோட்டத்தில் வேலை செய்கிறவர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை 'இழப்பீடு' என்று வெளிப்படையாக எழுதுங்கள். கொடையாளி கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தகுந்த வரிதான் அது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மழை பாதையை மறிக்கும். பயிற்சிகளை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். ஏப்ரல், மே சீசனில் தங்கும் அறை வாடகை ஏறும்; வீட்டுக்காரர்களுக்கு மாத வாடகைக்காரர் பாரமாகத் தெரிவார். ஆகவே பாதுகாப்பு இல்லத்துக்கு வாடகை ஒப்பந்தத்தைச் சீசன் தாண்டும்படிப் போடுங்கள். வெளியூரிலிருந்து வாகனத்தில் வரும் பயிற்சியாளர் 2024 மே முதல், மலைக்கு வர இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனுவின் நடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யார், எங்கே, என்ன செய்வோம், எவ்வளவு ஆகும். கண்ணீர் வேண்டாம்.

பெயர்களில் மட்டும் கடுமையாக இருங்கள். கொடையாளிகள் 'ஒருவரின் கதை' கேட்பார்கள். நகரத்தில் பெயரை மாற்றினால் போதும். ஒரு ஹட்டி எனும் படுகர் ஊரிலோ எஸ்டேட் லைனிலோ பெயரை மாற்றி, வயதையும் தொழிற்சாலையையும் அப்படியே எழுதினால், ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். மூன்று பேருடைய அனுபவத்தைக் கலந்து ஒன்றாக எழுதுங்கள், அப்படிக் கலந்திருக்கிறோம் என்று கொடையாளியிடமும் சொல்லிவிடுங்கள். புகைப்படத்தில் கைகள், தேநீர்க் கோப்பைகள், பலகையில் எழுதியது போதும். பயனாளிகளுக்கு எண் கொடுத்து, எண்ணும் பெயரும் சேர்ந்த ஒரே பதிவேட்டைப் பூட்டிவையுங்கள். சாவி இரண்டு பேரிடம்.

பணம் வந்தபின் திட்டம் மாறினால், செலவு செய்வதற்கு முன்பே கடிதம் எழுதுங்கள். மண்சரிவால் கூட்டம் நடக்கவில்லை, அந்தத் தொகையை வழக்குச் செலவுக்கு மாற்றலாமா என்று முன்னால் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பின்னால் சொன்னால் தணிக்கையில் நிற்கும். எஃப்.சி.ஆர்.ஏ. உள்ளவர்களுக்கு ஆண்டுக் கணக்கு, எஃப்.சி.-4 படிவத்தில், டிசம்பர் 31-க்குள் போக வேண்டும். பணமே வராத ஆண்டிலும் போட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் மாதச் சந்தா ஓடிக்கொண்டிருக்கட்டும். எங்கள் சங்கத்தில் ஆளுக்கு ஐம்பது ரூபாய், ரசீதுடன். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு ரசீதில் அந்தப் பதிவேட்டு எண்தான். அந்தப் பணத்தை நாங்கள் வாடகைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். எந்தக் கொடையாளியின் பட்ஜெட்டிலும் அதைக் காட்டிப் பங்களிப்பு என்று எழுதுவதில்லை.