ஏழு வயது தாண்டிய பிள்ளைக்குச் சோம்பேறிக் கண்: சிகிச்சைகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏழு வயசு தாண்டிடுச்சே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. என் மகளுக்கு ஒன்பது வயதில் இடது கண் பார்வை 6/36 (மற்றவர்கள் 36 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும்) என்று தெரிந்தபோது நானும் இதை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்தேன். பெரிய தவறு அதுதான்.

சோம்பேறிக் கண்ணில், மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை ஒதுக்கிப் பழகிவிடுகிறது. சின்ன வயதில் அதை மாற்றுவது சுலபம் என்பது உண்மை. அதற்காக அப்புறம் கதவு மூடிவிடுவதில்லை. 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரை 507 பிள்ளைகள் இருந்தார்கள். 7–12 வயதில் கண்ணாடி, பேட்ச் (நல்ல கண்ணை மூடும் மறைப்பு), அட்ரோபின் (நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டு மருந்து) மூன்றும் சேர்ந்தபோது 53 சதவீதம் பேருக்குப் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது கூடுதலாகத் தெரிந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் அது 25 சதவீதம். 13 வயதுக்கு மேல் மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அதற்குமுன் சிகிச்சையே எடுக்காதவர்களில் பேட்ச் கட்டியவர்கள் 47, கட்டாதவர்கள் 20 சதவீதம் தேறினார்கள். ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், இதற்குமுன் என்ன செய்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, கண்ணாடியைச் சிகிச்சையாகவே எண்ணாதது. நல்ல கண் இருப்பதால் பிள்ளை கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரிகிறது என்று கழற்றி வைத்துவிடும். சில வாரம் ஒழுங்காகப் போட்டாலே பல பிள்ளைகளுக்குப் பார்வை கூடுகிறது. அதைப் பார்க்காமல் பேட்சையும் சொட்டு மருந்தையும் ஒப்பிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது.

மணிக்கணக்கை ஒப்பிடுவது இன்னொன்று. மேல்வீட்டு அக்கா, "என் பையனுக்கு ரெண்டு மணி நேரம்தான் சொன்னாங்க, உங்களுக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று கேட்டார். மிதமான குறைபாட்டில் இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒரே பலன் என்று காட்டிய ஆய்வு ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் பற்றியது. அதைவிட, சொன்ன நேரம் வேறு, நிஜமாகக் கட்டிய நேரம் வேறு. எங்கள் வீட்டில் கண்ணாடிமேல் மாட்டும் துணி பேட்ச். ஒரு நாள் கேரம் ஆடும்போது கவனித்தேன். ஸ்டிரைக்கரை வைத்ததும் மகள் முகவாயை மெல்லத் தாழ்த்தி, கண்ணாடிக்கு மேலாக நல்ல கண்ணால் காயைக் குறி பார்த்தாள். அத்தனை நாளும் அப்படித்தான் போயிருக்கிறது. தோலில் ஒட்டும் பேட்சுக்கு மாறியதும் பக்கத்திலிருந்த வெள்ளைக் காயே தவறியது. அழுதாள். ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை.

அட்ரோபினிலும் குழப்பம் உண்டு. கிட்டப்பார்வை கூடாமலிருக்கத் தரும் 0.01 சதவீத மருந்து வேறு. சோம்பேறிக் கண்ணுக்கு வழக்கமாகத் தருவது 1 சதவீதம், அதுவும் நல்ல கண்ணில். பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். மருந்து விட்டபின் வெயிலில் கண் கூசும். காய்ச்சல் வந்தாலோ முகம் சிவந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 7–12 வயதில் பேட்சும் இதுவும் ஏறக்குறைய ஒரே பலன்தான். பேட்ச் கட்ட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இது நல்ல மாற்று.

இரண்டு கண்ணையும் சேர்த்துப் பழக்கும் டேப்லெட் திரை விளையாட்டுக்குப் பணம் கட்டும்முன் கொஞ்சம் யோசியுங்கள். 7–12 வயதில் கண்ணாடியோடு விளையாட்டையும் சேர்த்துப் பார்த்த சோதனையில் கண்ணாடியைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. மாறுகண் அறுவை சிகிச்சையும் கண்ணை நேராக்கும், மங்கலை அது மட்டும் போக்காது.

பார்வை தேறியதும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி குறையலாம். நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகும்போது எத்தனை மணி நேரம் கட்டினோம் என்று தேதியோடு எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஏமாற்றிய நாட்களையும் அதில் மறைக்காமல் எழுதுங்கள்.