ரங்கூன் கடுதாசி நின்ற வருஷம்: சிறுவர்களுக்கு எழுதும் விதம்

செட்டிநாட்டில் நடக்கும் கஷ்டகாலக் கதை ஒன்றை 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத 1942 நல்ல வருஷம். 1941 டிசம்பர் 23-ல் செட்டிநாட்டார் வட்டிக்கடை வைத்திருந்த பர்மாவின் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. மார்ச் 8-ல் நகரம் கைமாறியது. ஊர் திரும்பக் கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் மலையைத் தாண்டியும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே போனவர்கள் ஏராளம். எழுதுகிறவருக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். கதையில் வரும் பிள்ளைக்குக் கால்வாசிகூடத் தெரியக்கூடாது.

பெரும்பாலான கதைகள் கெடுவது இங்கேதான். ‘இரண்டாம் உலகப்போர் மூண்டது’ என்று தொடங்கினால் பாடப்புத்தக வாசனை வந்துவிடும். காரைக்குடியில் 9 வயது வள்ளிக்குப் போர் என்பது ரங்கூனிலிருக்கும் அப்பச்சியின் (அப்பாவின்) கடுதாசி வராததுதான். தபால்காரர் முகப்பைத் தாண்டிப் போகிறார். திண்ணையில் இருக்கும் அப்பத்தா கூப்பிடுவதில்லை. சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை பார்க்கிறாள். இந்த மூன்று வரி போதும்.

குடும்பத்தை முதலாளி வீடாக வைக்காதீர்கள். செட்டியார் என்றாலே பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் என்று எழுதினால் கஷ்டம் ஒட்டாது. வட்டிக்கடையில் சம்பளத்துக்கு இருந்த அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்தவர்), பெட்டியடிப் பையன் (கடை எடுபிடி) வீடுகளில் பணம் நின்றால் அடுப்பு சுருங்கும். அப்பச்சி மூன்று வருஷக் கணக்குக்கு (மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் ஏற்பாடு) போனவர் என்று வையுங்கள், பின்னால் உதவும்.

கஷ்டத்தைக் கண்ணீரால் அளக்காமல் படியால் அளக்க வேண்டும். ரங்கூன் அரிசி வரத்து நின்றதும், இரண்டு படி உலை வைத்த வீட்டில் ஒன்றரைப் படி, பிறகு ஒரு படி, ராத்திரிக்குக் கேப்பைக்கூழ். கிலோ வேண்டாம், நயாபைசா வேண்டாம் (அது 1957-ல்தான் வந்தது). ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஊர் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். தூணைப் பெயர்த்து விற்கிற காட்சியை இங்கே நுழைக்காதீர்கள், அது பிற்காலத்து அவலம்.

பிள்ளை ஏதாவது செய்ய வேண்டும். சும்மா பொறுத்துக்கொள்வது கதையாகாது. வள்ளி கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னட்டும். ஓலையை ஒரே அகலத்தில் வகிர்ந்து, தண்ணீரில் நனைத்து, ஈரம் காயுமுன் பின்ன வேண்டும். காய்ந்தால் மடிப்பில் முறியும், அவசரப்பட்டால் விளிம்பு விரலை அறுக்கும். முதல் கொட்டான் கோணலாகட்டும், இரண்டாவதும்தான். சீருக்கும் சடங்குக்கும் பின்னுவதைக் காசுக்குக் கொடுப்பதா என்று அப்பத்தா மறிப்பதுதான் முடிச்சு. அவளை வில்லியாக்க வேண்டாம். அவளுக்குப் போனது மானம். சம்மதத்தைப் பேச்சில் காட்டாதீர்கள். ஒரு விடியற்காலை, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) மழைத்தண்ணீர் பிடித்த அண்டாவுக்குப் பக்கத்தில் அவளே ஓலை நனைத்துக்கொண்டிருந்தால் சரி.

நீளம் 1,500 சொல்லுக்குள். சாவு வேண்டுமென்றால் ஒன்று, அதுவும் கேள்விப்பட்டதாக. எழுதியதை ஒரு பிள்ளைக்கு வாய்விட்டு வாசியுங்கள். எங்கே நெளிகிறதோ அங்கே நீங்கள் வரலாறு நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

அப்பச்சி திரும்பினால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள விடாதீர்கள். அவர் கப்பலேறியபோது அவளுக்கு 6 வயது. தாடியும் வீங்கிய காலுமாக முகப்பில் நிற்பவரிடம் அவள் கேட்கக்கூடியது, “யாரு வேணும்?”