ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை கிட்டார்: செட்டப்பை எந்த வரிசையில் செய்வது

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி ஃப்ரெட்போர்டிலிருந்து (விரல் அழுத்தும் பலகை) உயரமாக இருக்கிறது என்றதும் பலரும் நேராக, கம்பியைத் தாங்கும் சேடிலின் திருகில் கை வைப்பார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. நெக்கின் (கழுத்துப் பகுதி) வளைவு மாறினால் உயரம் மாறும். உயரம் மாறினால் இன்டோனேஷன் (எந்த இடத்தில் அழுத்தினாலும் சுருதி சரியாக இருப்பது) மாறும். அதனால் வரிசை இதுதான்: புதுக் கம்பி, பிரிட்ஜ் (சேடில்கள் அமர்ந்த தகடு), நெக், உயரம், இன்டோனேஷன், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி).

எப்போதும் வாசிக்கும் தடிமனிலேயே (9–42 அல்லது 10–46; மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள். 9-லிருந்து 10-க்கு மாறினால் இழுவிசை கூடி, மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் (உடலில் படியாமல், கம்பியும் ஸ்பிரிங்கும் இழுக்க நடுவே நிற்பது) பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளையும் சமமாக இறுக்குங்கள். பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் 3.2 மி.மீ. இடைவெளி வரும்வரை, ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்துதான் அளக்க வேண்டும்.

அடுத்து நெக். முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, தடித்த ஈ (E) கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். 8-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். ஃப்ரெட்போர்டு ரேடியஸ் (அதன் குறுக்குவளைவின் ஆரம்) 9.5 அங்குலம் என்றால் 0.25 மி.மீ. சரி. இடைவெளி அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் (நெக்கினுள் ஓடும் உலோகத் தண்டு) கடிகாரச் சுற்றில் இறுக்குங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சாவி திமிறினால் நிறுத்திவிடுங்கள். ட்ரஸ் ராட் நட்டின் உள்முனை மழுங்கினால் செலவு பெரிது. மரம் படிய நேரம் எடுக்கும், மறுநாள் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இப்போதுதான் சேடில். கேப்போவை எடுத்துவிட்டு, 17-வது ஃப்ரெட்டின் மேல்பக்கத்திலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை இரு ஈ கம்பிகளுக்கும் 1.6 மி.மீ. வையுங்கள். நடுக்கம்பிகள் ஃப்ரெட்போர்டின் வளைவையே பின்பற்ற வேண்டும். பழைய பாணி 7.25 அங்குல நெக்கில் உயரத்தை அதிகம் இறக்கினால், மேல் ஃப்ரெட்களில் பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது) ஒலி செத்துப்போகும். அதற்குத் தடித்த பக்கம் 2 மி.மீ. விடுங்கள்.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் ஐந்து ஃப்ரெட்களில் என்றால் நெக் மிக நேராக இருக்கிறது. 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் உயரம் போதவில்லை. அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் என்றால் நெக்கின் தலைப்பக்கம் கம்பி அமரும் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. அதை ட்ரஸ் ராடால் சரிசெய்யப் பார்ப்பது வீண்.

இன்டோனேஷனுக்கு 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அதே இடத்தில் மெதுவாக அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம் கொண்டுவாருங்கள். நகர்த்தும் முன் கம்பியைத் தளர்த்திவிடுவது நல்லது. பழைய கம்பியில் இதைச் செய்ய உட்காரவே வேண்டாம்.

என்ன செய்தும் தடித்த ஈ கம்பி பிடிபடாமல் அலைபாய்ந்தால், பிக்கப்பின் காந்தம் அதை இழுக்கிறது என்று பொருள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, காந்தத்தின் தலையிலிருந்து தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. வரும்படி பிக்கப்பை இறக்குங்கள். ஒலி கொஞ்சம் மெலியும், ஆனால் தெளியும்.

பராமரிப்பு பெரும்பாலும் துடைப்பதுதான். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருவேற்றும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்குக் கம்பி மாற்றும்போது சில துளி லெமன் ஆயில் போதும். வார்னிஷ் பூசிய மேப்பிளுக்கு எண்ணெயே கூடாது. ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் கம்பி நட்டில் சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேயுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது முறை திருப்புங்கள். கேபிள் ஜாக்கின் நட்டை இறுக்கும்போது உள்ளிருக்கும் ஜாக்கையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்து சுழன்றால் வயர் முறுக்கிக்கொண்டு அறும்.