யூபிஐ-யில் 54 லட்சம் வந்திருக்கிறது: சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்குப் போடுவது எப்படி?

2025 ஜூலையில் ஒரு நாள் பெங்களூரு நீலசந்திராவில் இருக்கும் மாமாவின் காண்டிமென்ட்ஸ் கடைக்கு (பால், பிரெட், பிஸ்கட் விற்கும் சின்னக் கடை) போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைத் தழும்புதான் இருந்தது. கீழே ஒரு அட்டையில் பேனாவால் 'நோ யூபிஐ, ஒன்லி கேஷ்'.

"ரெண்டு கடை தள்ளி டீக்கடைக்காரருக்கு நோட்டீஸ் வந்திருக்கு மாப்ளே. நமக்கு வர்றதுக்குள்ள கிழிச்சுட்டேன்."

அந்த மாதம் பெங்களூரு முழுக்க இதே கதைதான். கர்நாடக வணிக வரித்துறை, 2021-22 முதல் 2024-25 வரை யூபிஐ வழியாக யாருக்கு எவ்வளவு பணம் வந்தது என்ற விவரத்தை வாங்கி, ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் வரம்பைத் தாண்டி விற்றிருக்கிறீர்கள் என்று ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வணிகர்கள் கடையடைப்பு அறிவித்தார்கள். 23ஆம் தேதி முதல்வர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை, ஆனால் ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். பதற்றம் அடங்கியது. ஆனால் கணக்கு எப்படிப் போடுவது என்பது மட்டும் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று இரவு கடை சாத்தியபிறகு மாமாவும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகளை எளிமைக்காக முழுதாக்கியிருக்கிறேன். வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 மாற்றத்துக்குப் பிறகு உள்ளவை.

(நோட்டீஸில் 'தெரிகெ' என்று கன்னடத்தில் இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். வரி என்று பொருள். சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டினானே 'திறை', அதன் உடன்பிறப்புதான் இந்தச் சொல்.)

முதல் படி: ஸ்டேட்மென்ட் எடுங்கள், இரண்டு நிற பேனா எடுங்கள்

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, ஒரு நிதியாண்டுக்கான வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும். கடை க்யூஆர் எந்தெந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அத்தனைக்கும். மாமாவுக்கு ஒரே கணக்கு. கடைப் பணம், வீட்டுப் பணம் எல்லாம் அதில்தான். நம் ஆட்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மொத்தமாக உள்ளே வந்தது 54,60,000 ரூபாய். தொகையைப் பார்த்ததும் மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த எண் மட்டும்தான் தெரியும். அதில் எது வியாபாரம், எது குடும்பம் என்று பிரித்துக் காட்ட வேண்டியது நம் வேலை.

விற்பனையைப் பச்சையிலும் மற்றதைச் சிவப்பிலும் குறித்தோம். சிவப்பில் வந்தவை: சீட்டு எடுத்த பணம் 4,00,000. அத்தையின் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன் 2,50,000. மச்சினர் திருப்பித் தந்த கைமாத்து 60,000. மகள் மாதம் பத்தாயிரம் அனுப்பிய வகையில் 1,20,000. தன்னுடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானே மாற்றிக்கொண்டது 3,30,000. ஆக மொத்தம் 11,60,000. இதில் ஒரு ரூபாய்கூட வியாபாரம் இல்லை. யூபிஐ விற்பனை 43 லட்சம்தான்.

சிவப்பில் குறித்த ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தை ஒரு கவரில் போட்டு வையுங்கள். சீட்டுப் புத்தகத்தின் நகல், அடகு ரசீது, மகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் சரி. வாயால் சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது கசப்பு மருந்து. ரொக்கமாக விற்றதையும் கூட்ட வேண்டும். "அதையுமா?" என்றார் மாமா. ஆமாம், ஜிஎஸ்டி சட்டத்தில் விற்பனை என்றால் விற்பனைதான், பணம் எந்த வழியில் வந்தது என்ற பேச்சே இல்லை. ஸ்டிக்கரைக் கிழித்தவர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். ரொக்க விற்பனை சுமார் 9 லட்சம். ஆக, ஆண்டு விற்றுமுதல் 52 லட்சம்.

இரண்டாம் படி: உங்கள் வேலி எது?

பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை இருந்தால் 20 லட்சம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது இரண்டுக்கும் 20தான். பொருளுக்கு மட்டும் 2019 ஏப்ரலில் 40 ஆக்கினார்கள்.

டீக்கடைக்காரருக்கும் மாமாவுக்கும் வித்தியாசம் இங்கேதான். டீ போட்டுத் தருவது, தோசை சுட்டுத் தருவது எல்லாம் உணவகச் சேவை. பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பது பொருள் விற்பனை. காண்டிமென்ட்ஸ் கடை வாசலில் ஒரு பிளாஸ்க் வைத்து டீ விற்க ஆரம்பித்தால், 40 லட்சம் என்ற சலுகையே கைவிட்டுப் போகலாம். அந்த பிளாஸ்க்கை வைக்கும்முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கு கடைக்கு அல்ல, பான் எண்ணுக்கு. ஒரே பான் எண்ணில் நீலசந்திராவில் ஒரு கடை, ஸ்ரீராம்புரத்தில் ஒரு கடை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். 'பாதியை வீட்டுக்காரி பேருக்கு மாத்திடு' என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள். ஒரே கல்லா, ஒரே சரக்கு, ஒரே முதலாளி. பெயரை மட்டும் பிரித்தால் அது நிற்காது. ஆனால் அந்த யோசனை ஏன் வருகிறது என்பது புரிகிறது. 39 லட்சத்தில் இருக்கும் கடைக்காரர் இரண்டாவது ஃபிரிட்ஜ் வாங்கத் தயங்குகிறார் என்றால், அவரை நிறுத்துவது முதலீடு இல்லாத குறை அல்ல, இந்த வேலிதான்.

இன்னொரு பொறி, ஓசூர். முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் மாநில எல்லை. அங்கிருந்து சரக்கு வாங்குவதில் பிரச்சினை இல்லை. அங்கே இருப்பவருக்கு நீங்கள் ஒரு பெட்டி முறுக்கு அனுப்பி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவைப்படும்.

மூன்றாம் படி: வரியில்லாச் சரக்கைத் தனியாக எடுங்கள்

பாக்கெட் பால், முட்டை, பிரெட், காய்கறி, பூ, மூட்டையிலிருந்து அளந்து போடும் அரிசி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. இவற்றை மட்டுமே விற்கிறவர் கோடி ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டாம். கே.ஆர். மார்க்கெட்டில் பூ மட்டும் விற்கிறவர் ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டிய காரணமே இல்லை.

ஆனால் அவரே அதோடு ஊதுபத்தியும் விற்றால் கணக்கு மாறிவிடும். கலந்து விற்கிற கடையில், 40 லட்சத்தைத் தாண்டினோமா என்று பார்க்கும்போது வரியில்லாச் சரக்கும் சேரும். மாமாவுக்கு நடந்தது அதுதான். 52 லட்சத்தில் பால், முட்டை, பிரெட் மட்டுமே 21 லட்சம். வரி விழும் சரக்கு 31 லட்சம்தான். இருந்தாலும் வேலியைத் தாண்டியாயிற்று.

எது எந்தப் பக்கம் என்பதில் தர்க்கம் தேடாதீர்கள். பிரெட்டுக்கு வரி இல்லை, ரஸ்குக்கு 5 சதவீதம். பாலுக்கு இல்லை, பாக்கெட் தயிருக்கு 5. ஒரே பசு, ஒரே பால், உறை ஊற்றினால் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், சோப்பு, பற்பசை எல்லாம் 18இலிருந்து 5க்கு இறங்கின. கூல் டிரிங்க்ஸ் 40.

நான்காம் படி: காம்போசிஷனா, ரெகுலரா?

மாமா பயந்தது இதற்குத்தான்: 52 லட்சத்துக்கு 18 சதவீதம் என்று யாரோ சொல்லி, ஒன்பது லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்று இரண்டு இரவு தூங்கவில்லை.

விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருக்கும் கடைகளுக்குக் காம்போசிஷன் என்ற எளிய முறை உண்டு. வாங்கி விற்கும் வியாபாரிக்கு, வரி விழும் சரக்கின் விற்பனையில் 1 சதவீதம். உணவகத்துக்கு 5 சதவீதம். மாமாவின் 31 லட்சத்துக்கு ஆண்டுக்கு 31,000 ரூபாய். நாளொன்றுக்கு 85 ரூபாய்.

இந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. உங்கள் லாபத்திலிருந்துதான் போக வேண்டும். சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. ஓசூருக்கு விற்கவும் முடியாது.

அப்படியானால் எது லாபம்? 88 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்கிற பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே வரி சேர்க்காத விலை. ரெகுலர், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டும் வழக்கமான முறையில், வாங்கும்போது 4.40 வரி கொடுத்திருப்பீர்கள், விற்கும்போது 5 ரூபாய் வாங்குவீர்கள், அரசுக்குக் கட்டுவது மீதி 60 காசு. காம்போசிஷனில் அதே 105 ரூபாய் விற்பனைக்கு 1.05. ஆக பிஸ்கட்டுக்கு ரெகுலர்தான் மலிவு! அதே லாபத்தில் கூல் டிரிங்க்ஸ் என்றால் தலைகீழ்: ரெகுலரில் 4.80, காம்போசிஷனில் 1.40. 18 சதவீதமாக இருந்த சரக்குகள் 5க்கு வந்தபிறகு பல மளிகைக் கடைகளுக்கு இந்தக் கணக்கு ரெகுலர் பக்கம் சாய்ந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் 'சின்னக் கடைன்னா காம்போசிஷன்' என்று சொல்கிறவரிடம் உங்கள் சரக்குப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

ரெகுலருக்கு வாங்கியது, விற்றது எல்லாவற்றுக்கும் பில் வேண்டும்; மொத்த வியாபாரி தன் பங்கைச் சரியாகத் தாக்கல் செய்திருக்கவும் வேண்டும். மாமா ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறவர். நான் வற்புறுத்தவில்லை. காம்போசிஷன் என்று முடிவு செய்தோம். ஏப்ரலில் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று: யூபிஐ-யை விட்டால் வருமான வரியில் நஷ்டம்

ஜிஎஸ்டி வேறு, வருமான வரி வேறு. கணக்குப் புத்தகம் வைக்காத சின்ன வியாபாரிகள் வருமான வரியில் தோராய லாபம் காட்டலாம். ரொக்க விற்பனைக்குக் குறைந்தது 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6. மாமாவின் 43 லட்சத்துக்கு 2,58,000, ரொக்கம் 9 லட்சத்துக்கு 72,000, ஆக 3,30,000. அத்தனையும் ரொக்கமாக விற்றிருந்தால் 4,16,000. ஸ்டிக்கரைக் கிழித்தால் காட்ட வேண்டிய லாபம் 86,000 கூடுகிறது. புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்பதால் மாமாவுக்கு எப்படியும் பூஜ்யம்தான். பெரிய கடைக்கு இது நிஜப் பணம்.

ஐந்தாம் படி: பதிவு

வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், புகைப்படம், கடையின் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில். ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருக்கட்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். காம்போசிஷன் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்களுக்கு மாட்டிக்கொண்டது கரண்ட் பில்தான். அது இறந்துபோன பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது. அவர் மகனிடம் ஒரு சம்மதக் கடிதமும் சொத்து வரி ரசீதும் வாங்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இதை முதலில் சரிபார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: அதன்பிறகு

காம்போசிஷனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும்: ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களின் 18ஆம் தேதிக்குள். ஆண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற படிவம், ஜூன் 30க்குள். வியாபாரமே நடக்காவிட்டாலும் தாக்கல் செய்ய வேண்டும். மாமா இந்தத் தேதிகளை முருகன் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், கிருத்திகைக்குப் பக்கத்திலேயே.

வாங்குகிறவராக நீங்கள் பார்க்க வேண்டியதும் உண்டு. பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கர்நாடகாவுக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, கடைக்காரரின் பான். எண்ணே இல்லாமல் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கினாலோ, காம்போசிஷன் என்று எழுதிவிட்டு 5 சதவீதம் சேர்த்தாலோ, கொடுக்க வேண்டியதில்லை. எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

கடைசி வேலை, காம்போசிஷன் வியாபாரி என்பதைப் போர்டில் எழுதி மாட்டுவது. கர்நாடகாவில் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டமும் இருப்பதால், போர்டு எழுதுகிறவரிடம் மாமா முதலில் கேட்டது, "இதையும் கன்னடத்துல எழுதணுமா?" அவர் அளவு டேப்பை நீட்டியபடியே, "எழுத்துக்கு இத்தனைன்னு ரேட் மாமா, வரி தனி" என்றார்.