மல்லிகை பூக்கவில்லையா? மருந்து வாங்குமுன் வெயிலையும் வேரையும் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவரை எங்கள் மல்லிகை தரையில் புதராக நின்றது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியதும் செடியும் தொட்டிக்குள் வந்துவிட்டது. பாதிப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். "இலை நல்லாத்தான் இருக்கு, பூதான் வரல" என்று கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் மருந்து வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

1. வெயில்

மல்லிகைக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். காலை 10 மணி, நடுப்பகல், மாலை 3 மணி என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். இரண்டு முறை நிழலில் நின்றால் இடம் சரியில்லை. கார் போர்ச்சின் கூரைக்குக் கீழே கொடி நீளும், இலை அகலும், மொட்டு மட்டும் வராது. கேட் பக்கம் நகர்த்துங்கள்.

2. வேர்

நம் ஊரில் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். அக்டோபர், நவம்பரில் மாலைக்கு மாலை இடிமழை. தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் தண்ணீர் வடியவே வடியாது.

நான் ஒரு செடியை இப்படித்தான் இழந்தேன். இலை வாடித் தொங்கியது. தாகம் என்று நினைத்து இரண்டு நாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் செடியை வெளியே எடுத்தால் சாக்கடை வாடை. வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் நின்றது. நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். ஈரமண்ணில் வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பாதி வேராவது நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். அழுகியதை வெட்டி எறியுங்கள். மேலே உள்ள கிளைகளையும் பாதியாகக் குறையுங்கள். குறைந்த வேரால் அத்தனை இலையைத் தாங்க முடியாது. பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு கலந்து புதிதாக நடுங்கள். ஒரு வாரம் லேசான நிழல் போதும். அதன் பிறகு, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் கெடுதல், அதில் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். டிங்கிக்கு நாமே இடம் கொடுக்கலாமா?

3. மஞ்சள் இலை

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளானால் உரம் போதவில்லை, அல்லது மண் ஊறிக் கிடக்கிறது. நுனிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. வேலி ஓரம் சிமெண்ட் கழிவு கலந்த மண்ணில் நட்ட செடிகளில் இதைப் பார்க்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மண்ணை மாற்றுவதே நிலையான தீர்வு.

4. உரமும் வெட்டும்

கோழி எருவை அள்ளி அள்ளிப் போட்டால் தழைச்சத்து கூடி இலைதான் மண்டும். பூவுக்குச் சாம்பல்சத்து வேண்டும். உரக்கடையில் கிடைக்கும், சாம்பல்சத்து கூடுதலாக உள்ள 12:12:17:2 நீல உரம் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒரு முறை, தண்டை ஒட்டாமல் ஓரமாகப் போடுங்கள்.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடியில் புதுத் தளிர் குறைவு; பூவும் குறைவு. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் வெட்டுவார்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே பின்பற்றாதீர்கள். நமக்குப் பனிக்காலம் இல்லை, நவம்பரில் கொட்டும் மழையில் வெட்டுவாய் அழுகும். மழை ஓய்ந்த வாரமாகப் பார்த்து, சுத்தமான கத்தரியால் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டால் போதும்.

5. மொட்டு கெடுவது

மனம் நோகும் பிரச்சினை இதுதான். வெள்ளிக்கிழமை சாமிக்குப் பறிக்கலாம் என்று காத்திருந்த மொட்டு, ஊதா நிறமாகி உதிர்ந்து கிடக்கும். அதை நகத்தால் பிளந்து பாருங்கள். வெள்ளையாக, கடுகைவிடச் சிறிய புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. மொட்டுகள் நூலாம்படையால் ஒட்டி, ஓட்டை விழுந்திருந்தால் மொட்டுப்புழு.

ஈயின் புழு மொட்டுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆகவே கெட்ட மொட்டுகளைச் செடியிலிருந்தும் தரையிலிருந்தும் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எறியுங்கள். தொட்டியின் மேல்மண்ணை வாரம் ஒரு முறை கிளறி வெயில் படவிடுங்கள். பொறுக்குவதை இரண்டு நாள் விட்டால்கூட அடுத்த கூட்டம் கிளம்பிவிடும்.

மொட்டுப்புழுவுக்கும், கணுவில் பஞ்சுபோல் ஒட்டும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடியுங்கள். மொட்டு பறிக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.