கப்பல் அறை: தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போன கப்பலில், அறை எண்ணை அவர்களே ஒதுக்கும் மலிவு டிக்கெட் எடுத்தேன். கிடைத்தது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. காலை ஆறு மணிக்கே தலைக்கு மேல் சாய்வு நாற்காலிகளை இழுக்கும் கரக் கரக். தூக்கம் போச்சு.

இப்போதெல்லாம் தளவரைபடத்தைப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. மேலேயும் கீழேயும் பயணிகள் அறைகளே இருந்தால் நிம்மதி. சமையல்கட்டு, நடன அரங்கு என்றால் வேறு அறை பாருங்கள். பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருந்தால் அவர்கள் பேச்சு முழுக்க உங்களுக்கும் கேட்கும்.

பஸ்ஸிலேயே தலைசுற்றும் ஆளா? கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். சீசா பலகை மாதிரிதான். ஓரத்தில் இருப்பவருக்கே ஏற்ற இறக்கம் அதிகம். முன்பக்கக் கீழ்த்தளத்தில் ஆட்டத்தோடு நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தமும் சேரும்.

ஜன்னலுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன், உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று கேளுங்கள். சில அறைகளில் கடலுக்குப் பதில் படகின் முதுகுதான் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்டிலிருந்து நாலு கதவு தள்ளி எடுப்பேன். ஒட்டியே எடுத்தால் நள்ளிரவு வரை அரட்டை.